ஞாயிற்றுக்கிழமை மீன்கள்

என் கணவர் ஹோஷிம் சைபீரியாவுக்கு மரம் அறுக்கப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதில் கடைசி நாலு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னப் பொய் என்று மழுப்ப மாட்டேன். ஒரு தொட்டி நிறைய இருந்தது.

தொட்டி என்றால் மீன்தொட்டி. நூற்றிருபது லிட்டர் பிடிக்கும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் தன் கையால் கட்டியது. ஹுஜாந்த் நகரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் கிழக்கு ஜன்னலோரம் நின்றது. அடியில் வெள்ளைக் கூழாங்கல், மூலையில் குமிழி விடும் பம்பு, தண்ணீரைச் சூடாக்க ஒரு கண்ணாடிக் குழல், உள்ளே சிவப்பும் கறுப்புமாக வாள்வால் மீன்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, ஒரு நாள் இரண்டு பேருமே அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். பிறகு பேசுவதற்கு மீன்கள்தான் மிச்சம் இருந்தன.

அவர் போன மூன்றாவது குளிர்காலத்தில் அவை செத்தன. மின்சாரம் எடுக்கும் அணை ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் குளிர்காலம் வந்தால் எங்களுக்கு மின்சாரம் மணிக்கணக்குப் பார்த்துத்தான் வரும். அந்த வருஷம் அதுவும் வரவில்லை. பம்பு நின்றது, குழல் ஆறியது, பதினேழு மீனும் போயின. அந்தக் குளிரைப் பற்றி நான் தனியாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஊரில் எல்லோருக்கும்தான் குளிர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவருடன் வேலை பார்த்தவன் ஒருவன் முந்தின நாள் மரம் சரிந்து செத்திருந்தான். ஹோஷிமின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். மீன்களை அவர் மரியாதையாகத்தான் விசாரிப்பார்.

செத்தவனைப் பற்றி இப்போதுதான் சொல்லி முடித்த மனுஷனிடம் இன்னும் பதினேழு சாவை எப்படிச் சொல்வது? “நல்லா இருக்காங்க,” என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. “நேத்துதான் கறுப்பி குட்டி போட்டா.”

அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “எத்தனை?” என்றார்.

எண்ணிக்கை கேட்டுவிட்டால் பொய்க்கு உயிர் வந்துவிடுகிறது. பதினொன்று என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு அந்தப் பதினொன்றில் எத்தனை பிழைத்தது என்று கேட்டார். இப்படித்தான் ஆரம்பித்தது.

ஒவ்வொரு ஞாயிறும் மதியம் இரண்டு மணிக்கு நான் அந்தக் காலித் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன். தொட்டிக்குள் வெங்காயம் கொட்டி வைத்திருந்தேன். வெங்காயத்துக்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. போன் வரும். நான் பேசப் பேச வெங்காயம் மறைந்துபோகும். கண்ணாடிக்குள் பச்சையாகத் தண்ணீர் ஏறும். முதலில் வால் தெரியும், அப்புறம் கண். நான் பெயர் சொல்லி அழைத்தால் அது திரும்பிப் பார்க்கும். எதிர்வீட்டுத் தோழி சுரையோ வீட்டில் அந்த வாரம் நடந்த சண்டையை எடுத்து மீன்களுக்குக் கொடுப்பேன். சுரையோவின் நாத்தனார் கோபித்துக்கொண்டு போனால், என் தொட்டியிலும் ஒருத்தி கல்லுக்குப் பின்னால் போய் மூன்று நாள் வெளியே வர மாட்டாள். கன்னங்கரேலென்று ஒருவன் இருந்தான், யாருடைய சாப்பாட்டையும் பறித்துத் தின்பவன், அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். ஹோஷிம் சிரிப்பார். அவருடன் காட்டில் ஒரு வண்டிக் கூண்டையே வீடாக்கித் தங்கியிருந்த பன்னிரண்டு ஆண்களும் கேட்டுச் சிரிப்பார்களாம். போனை வைத்ததும் வெங்காயம் திரும்பி வரும். நான் இரண்டு வெங்காயம் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவேன்.

வெட்கமாக இல்லையா என்றால் இல்லை. அந்த அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மார்ச் முதல் ஞாயிறு அவர் சொன்னார்: “காகிதம் சரியாயிடுச்சு, மஸ்தூரா. இனிமே தடையில்லாம போகலாம், வரலாம். ஏப்ரல் இருபதாம் தேதி வர்றேன்.”

நான் தொட்டியிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தேன். “எத்தனை நாளைக்கு?”

“ரெண்டு மாசம். அப்புறம் பாக்கலாம்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வந்ததும் முதல்ல மாப்பிள்ளையைத்தான் பாக்கணும்,” என்றார்.

அந்தப் ‘பாக்கலாம்’ என்ற ஒரு சொல்லில்தான் என் உயிர் இருந்தது. இத்தனை வருஷம் அவர் வராததற்குக் காகிதம் காரணம். வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியாது என்றார்கள். இனி அந்தக் காரணம் இல்லை. இனி அவர் போனால் போக விரும்பித்தான் போகிறார். இரண்டு மாசத்தில் அவரை இந்த வீட்டில் பிடித்து வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? நாற்பத்தாறு வயதும் ஒரு தொட்டி வெங்காயமும்.

சுரையோவுக்கு மட்டும் இந்த ரகசியம் தெரியும். தையல்காரி, வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசுகிறவள்.

“சொல்லித் தொலையேன்டி,” என்றாள். “மீன்தானே செத்துச்சு, மாமியாரா செத்துச்சு?”

“நாலு வருஷம் சொல்லாததை இப்ப சொன்னா, வேற என்னென்ன சொல்லலன்னு யோசிக்க மாட்டாரா?”

“அப்ப ரினாத்கிட்ட போ. அவன்கிட்ட எல்லா மீனும் இருக்கு. வயசான மீனாப் பாத்து வாங்கு.”

ரினாத் தாத்தார் இனத்துக்காரன். ஞாயிறு காலையில் சந்தைக்குப் பின்புறம் புறாக்காரர்களுக்கு நடுவில் மீன் விற்பான். அவனிடம் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் குளிருக்குக் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

“நாலு நாள் வேலை, அக்கா,” என்றான். “வெள்ளைக் கல்லு தர்றேன், பம்பு தர்றேன், பிளாஸ்டிக் செடி தர்றேன். பழையபடியே இருக்கும். உங்க வீட்டுக்காரர் தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க மாட்டார்.”

“கரண்ட் போனா?”

“கரண்ட் போனா மீனும் போகும். அதுக்கு நான் என்ன பண்றது?”

ஏப்ரலிலும் எங்களுக்கு மின்சாரம் கண்ணாமூச்சி ஆடும். அவர் வந்து உட்கார்ந்திருக்கும்போதே பம்பு நின்று, அவர் கண் முன்னாலேயே அவை மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதை நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்தாயிற்று. இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வேலை பார்ப்பது பாசனத்துறையின் மண் ஆய்வுக்கூடத்தில். பருத்தி வயல்களின் மண் பைகளில் வரும். அதில் உப்பு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மண் உப்பை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், எத்தனை சொன்னாலும் கேட்காது. அதனால் குளிர்காலத்தில் வயலுக்கு வரப்புக் கட்டி, தண்ணீரைக் குளம்போல் நிறுத்தி, உப்பைக் கரைத்து வடிகாலில் இறக்குவார்கள். மண்ணைக் கழுவுவது என்று பெயர். நல்ல மண்ணை உலர்த்திப் பார்த்தால் கிண்ணத்தில் ஒன்றும் தெரியாது, கெட்ட மண் வெள்ளை வளையம் போடும். மனிதர்களைப் பார்த்தாலும் இவர்களை உலர்த்தினால் வளையம் எவ்வளவு வரும் என்றுதான் எனக்கு யோசனை போகும்.

அந்த வாரம் வடிகால் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். மார்ச் வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நிலத்தடி நீர் ஊறி வருகிற வடிகால் என்பதால் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். குனிந்து குப்பியை முக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அடியில் சேறு. சேற்றிலிருந்து நாடா நாடாவாகப் புல் எழுந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடியது. அதற்கு நடுவில் விரல் நகம் அளவு மீன்கள் நின்ற இடத்திலேயே நின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி. இங்கே யார் பம்பு வைத்தார்கள்? யார் குழல் போட்டார்கள்? கல்லைக் கழுவிக் கழுவி வெள்ளையாக வைத்திருந்த எங்கள் தொட்டி செத்துப்போனது. யாரும் தொடாத இந்தச் சாக்கடை உயிரோடு இருக்கிறது. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வண்டியோட்டி ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு ரினாத்திடம் சொன்னபோது அவன் கையை அக்குளிலிருந்து வெளியே எடுத்தான். “தொட்டிக்குள்ள மண்ணா? எதுக்கு, நெல்லு நடப் போறீங்களா?”

“நட்டா உனக்கும் ஒரு படி தர்றேன்.”

“தண்ணி அழுகி நாறும், அக்கா. உங்க வீட்டுக்காரர் சொன்னதில்லையா?”

சொல்லியிருக்கிறார். மீன்தொட்டியில் மண் போடுகிறவன் மடையன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அது எனக்கு நினைவில்லாமல் இல்லை. மண் போட்ட தொட்டியைப் பார்த்தால் மாற்றம் தெரிந்துவிடும். தெரியட்டும், மின்சாரத்துக்குப் பயந்து நான்தான் மாற்றி அமைத்தேன், மீன்கள் அதே வம்சம்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யில் பாதி உண்மையாகிவிடும். எனக்கு அதுவே பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது.

நல்ல மண் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் யோசிக்காமல் திராட்சைப் பந்தலடியைக் காட்டுவார்கள். சுரையோவின் அம்மா வீட்டு முற்றத்தில் நாற்பது வருஷக் கொடி. அதன் அடியில் மண் கறுத்து, பொலபொலவென்று, பிசறிய மாவு மாதிரி இருக்கும். இரண்டு வாளி அள்ளிக்கொண்டு வந்தோம். சலித்து, வேரும் வைக்கோலும் பொறுக்கி, ஊறவைத்து, வெங்காயத்தைக் காலி செய்த தொட்டியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினேன். மேலே ஆற்று மணல். ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றினேன். வடிகாலிலிருந்து கொண்டுவந்த செடிகளை நெருக்கமாக நட்டேன். மீன் விடுவதற்கு முன்னால் வடிகால் நத்தைகள் பத்தை இறக்கிவிட்டு, அவை மேய்வதைப் பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நத்தைகள் மேயவில்லை. கண்ணாடியில் ஏறின. தண்ணீருக்கு வெளியே விளிம்புவரை ஏறி அங்கேயே ஒட்டிக்கொண்டன. எடுத்து உள்ளே விட்டால் மறுபடி ஏறின. மூன்றாம் நாள் பத்தும் அடியில் கிடந்தன. ஒரு வாரத்தில் செடிகளும் பழுத்துக் கரைந்தன.

சுரையோ தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “எங்கம்மா கொடியில ஒரு நோய் வந்ததில்ல தெரியுமா? நாற்பது வருஷமா வசந்தத்துல நீலக்கல்லும் சுண்ணாம்பும் கரைச்சு அடிக்காம விட்டதே இல்ல. அடிமரம் பூரா நீலமா இருக்கும். அப்பேர்ப்பட்ட மண்ணு, அதுல போய் எப்படி...”

நான் என் நெற்றியில் அடித்துக்கொண்டேன். நீலக்கல் என்றால் மயில்துத்தம், செம்பு உப்பு. மழையில் வழிந்து வழிந்து நாற்பது வருஷச் செம்பு அந்த வேரடியில் இறங்கியிருக்கிறது. கொடியின் பூசணத்தைக் கொல்வது நத்தையை மட்டும் விட்டுவிடுமா? இருபது வருஷமாக மண்ணைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். இந்த மண்ணை மட்டும் முகர்ந்து பார்த்தே நல்லது என்று முடிவுகட்டிவிட்டேன். முற்றத்துத் திராட்சைக்கு முன்னால் எங்கள் ஊரில் எல்லோருக்குமே புத்தி கொஞ்சம் மங்கிவிடுகிறது.

“நீ ஆய்வுக்கூடத்துல என்னதான்டி பண்றே? டீ குடிக்கிறியா?” என்றாள் சுரையோ.

இருபத்தெட்டு நாள் மிச்சம் இருந்தது.

இந்த முறை வயல் மண்ணையே எடுத்தேன். பருத்தி வயலின் ஓரம், யாரும் எதுவும் தெளிக்காத தரிசு. ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதித்தேன், செம்பு இல்லை. ஆனால் உலர்த்திப் பார்த்தால் கிண்ணத்தில் கொழுத்த வெள்ளை வளையம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? குளியல் தொட்டியை வயலாக்கினேன். மண்ணைக் கொட்டி, ஒரு சாண் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் ஊறவிட்டு, துணி கட்டிய துளை வழியாக வடித்தேன். மறுபடி நிறுத்தி மறுபடி வடித்தேன். நான் குளிக்க சுரையோ வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் வடிந்த தண்ணீரில் கொஞ்சம் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் உலர்த்தினேன். வளையம் மெலிந்துகொண்டே வந்தது. நாலாவது கழுவலில் கிண்ணம் சுத்தமாக இருந்தது. உடன் வேலை பார்ப்பவள் இது எந்த வயல் என்று கேட்டாள். மூன்றாம் மாடி வயல் என்றேன்.

பழைய மண்ணை வாரிக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி முதலிலிருந்து. மண், மணல், தட்டு, தண்ணீர். நாடாப்புல்லைப் பின்பக்கம் வரிசையாக நட்டேன். கொம்புப்பாசியைக் கட்டுக் கட்டாக மிதக்கவிட்டேன். இடைவெளி தெரிந்த இடத்திலெல்லாம் இன்னும் ஒன்று செருகினேன். முதல் நாளே காடாக இருந்தால்தான் தண்ணீர் பிழைக்கும் என்பதை வடிகாலைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. மண்ணிலிருந்து குமிழி வந்தது, கூழ்முட்டை வாடை. இறைச்சி கோர்த்துச் சுடும் கம்பியால் மண்ணை அங்கங்கே குத்திக் காற்றை வெளியே விட்டேன்.

நத்தைகளை இறக்கினேன். இந்த முறை அவை மேலே ஏறவில்லை. கொம்பை நீட்டி, ஒரு இலையின்மேல் ஏறி, தின்ன ஆரம்பித்தன. நத்தை தின்பதைப் பார்த்து ஒரு மனுஷி கைதட்டினாள் என்றால் அது நான்தான்.

பத்தாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தால் தண்ணீர் தெளிந்திருந்தது. தானாகவே தெளிந்திருந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை. வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக வந்து தொட்டிக்குள் இறங்கி, புல்லுக்குள் புகுந்து, அடி மணலில் போய்ப் படுத்துக்கொண்டது. சூடு ஏற ஏற ஒவ்வொரு இலையின் நுனியிலும் குண்டூசித் தலை அளவு ஒரு குமிழி முளைத்தது. முளைத்து, நின்று, பிரிந்து, மேலே போனது. அறை முழுக்க பச்சை வெளிச்சம். சுவரில் ஆடியது, என் கையில் ஆடியது. நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு வருஷம் நான் சொன்ன தண்ணீர் இதுதான். சொல்லும்போது இவ்வளவு அழகு இருந்ததாக எனக்கு நினைவில்லை. பாதி தூக்கத்தில், நானே அந்த நாடாக்களுக்கு நடுவில் சாய்ந்து கிடப்பதுபோலவும், மேலே யாரோ என் பெயரைச் சொல்லி விசாரிப்பதுபோலவும் இருந்தது. மதியம் மின்சாரம் போனது. வீட்டில் குளிர்ப்பெட்டி நின்றது. தொட்டியில் எதுவும் நிற்கவில்லை.

மீன்களை ரினாத்திடம் எடுத்தேன். வாள்வால் ஒன்பது, அதில் கன்னங்கரேலென்று ஒருவன். அவனைப் பிடிக்க ரினாத் கால்மணி நேரம் வலையோடு போராடினான். “திமிர் பிடிச்சவன், அக்கா. எல்லார் சாப்பாட்டையும் இவனே தின்பான்,” என்றான். அவனை மட்டும் தனிப் பையில் கட்டித் தரச் சொன்னேன்.

ஹோஷிம் ஏப்ரல் இருபதாம் தேதி முற்பகல் வந்து சேர்ந்தார். தலை நரைத்து, இடது தோள் சற்று இறங்கியிருந்தது. வாசலில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் நின்றோம். போகும்போது ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டி, மீதியைத் திரும்பி வந்து தின்ன வேண்டும் என்ற வழக்கப்படி, சுவரில் துணியில் சுற்றித் தொங்கியது. அதை இறக்கிப் பச்சைத் தேநீரில் ஊறவைத்துக் கொடுத்தேன். ஊறியும் கல்லாகத்தான் இருந்தது. அவர் முகம் சுளிக்காமல் தின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். மண் அடுக்கு கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

“மண்ணு,” என்றார்.

“கரண்ட் இல்லாம என்ன பண்றது? நான்தான் மாத்தினேன்.” சொல்ல நினைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“பம்பு இல்லாமலா இப்படித் தெளிஞ்சிருக்கு?” அவர் தலையை ஆட்டினார். “என்னை மடையனாக்கிட்டியே.” அது பாராட்டு. அவர் குரலில் அந்தக் குழைவை நான் போனில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அதற்குள் கறுப்பன் புல்லை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். ஹோஷிம் கண்ணாடியில் விரலை வைத்தார். “இதுதானே மாப்பிள்ளை? அப்படியே அவங்க தாத்தன் ஜாடை. பின்பக்கத் துடுப்பைப் பாரேன்.”

பலித்துவிட்டது. ஒரு ஓட்டைகூட இல்லாமல் பலித்துவிட்டது. இதற்காகத்தானே ஆறு வாரமாகப் பாடுபட்டேன்.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “அங்க ஒவ்வொரு நாளும் இவங்களைத்தான் நெனச்சுக்குவேன்,” என்றார். “இவங்க இருக்காங்கன்னுதான் நானும் இருந்தேன்.” கண்ணாடியை விட்டு அவர் பார்வை நகரவில்லை.

எனக்குப் பொறாமை வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. இல்லாத மீன்கள்மேல், நானே வாயால் பெற்றுப் போட்ட மீன்கள்மேல், வயிறு எரிந்தது. இவர் இங்கே தங்கினால் இவற்றுக்காகத் தங்குவார். நான் வாழ்நாள் முழுக்க இவற்றுக்குக் காவல் இருக்க வேண்டும். அதைவிட அவர் போய்விடுவதே மேல் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

“அது மாப்பிள்ளை இல்ல,” என்றேன். “மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இருந்ததே இல்ல. இது ரினாத்கிட்ட பத்து நாளைக்கு முன்னாடி எடுத்தது. உங்க மீன் எல்லாம் அந்தப் பெரிய குளிர்லயே செத்துப்போச்சு. பதினேழும். கறுப்பி குட்டி போடவே இல்ல. நாலு வருஷமா நான் சொன்னது எல்லாமே கதை.”

அவர் திரும்பவில்லை. கறுப்பன் வந்த வழியே புல்லுக்குள் போனான். அடுப்படியில் புலாவுக்குப் போட்ட கேரட் தீய்கிற வாடை வந்தது. போய் அணைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போயிருந்தார். ஒரு சிகரெட், இன்னொரு சிகரெட். கதவருகில் அவருடைய பெட்டி இன்னும் திறக்காமல் நின்றது. அதைப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

உள்ளே வந்தவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

“தண்ணி உறைஞ்சுதா?” என்று கேட்டார்.

“மேல ரெண்டு விரல் கனத்துக்கு.”

“இந்த ரூம்லயா?”

“வேற எங்கே? தொட்டியைத் தூக்கிட்டு எங்க போறது?”

அவர் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், நான் படுக்கும் மூலையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“தண்ணி உறையுற ரூம்ல,” என்றார், “நீ எங்க இருந்தே?”

பதில் எளிது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. நாலு வருஷமாக எதைக் கேட்டாலும் சரளமாகக் கொட்டிய வாய்.

“இங்கேதான் இருந்தேன்.”

“எதைப் போத்திக்கிட்டே?”

“கோட்டுதான். மெத்தை மூணு இருந்துது. ரெண்டைத் தொட்டிக்குச் சுத்திட்டேன்.”

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை நாள், என்ன சாப்பிட்டாய், தண்ணீர் எங்கிருந்து தூக்கினாய், மாடிப்படியில் விழுந்தாயா, கைக்கு என்ன ஆயிற்று, இந்த விரல் ஏன் இப்படி இருக்கிறது. நான் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

“மத்தவங்க எல்லாம் என்ன பண்ணாங்க?”

“தகர அடுப்பு வெச்சாங்க. ஜன்னல் கண்ணாடியை எடுத்துட்டு, அது வழியா வெளியே குழாய் விட்டாங்க. இங்க குழாய் போட ஆள் இல்ல.”

அவர் எழுந்தார். தொட்டிக்குப் பக்கவாட்டில் நின்று, இறங்கிய தோளை வலியோடு உயர்த்தி, ஜன்னலின் மேல் கண்ணாடியைச் சாண் போட்டு அளந்தார்.

“இந்தக் கண்ணாடியை எடுத்துட்டுத் தகரம் அடிக்கணும்,” என்றார். “அடுப்பை இந்த மூலையில வெச்சா தொட்டிக்கும் சூடு படும், உனக்கும் படும்.”

“குளிர் வர இன்னும் ஆறு மாசம் இருக்கு,” என்றேன். “நீங்க ரெண்டு மாசம்தானே சொன்னீங்க?”

“தெரியும்,” என்றார். முதல் அளவில் நம்பிக்கை இல்லாதவர்போல ஜன்னலை மறுபடியும் அளக்க ஆரம்பித்தார்.